ஒன்பதாம் படி

படி மிஸ்ஸுக்குப் பொறாமை என்பதே கிடையாது. இதை அவரே பலமுறை, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறார். "எனக்கு யார் மேலயும் பொறாமை இல்லப்பா, அதுக்கெல்லாம் நேரம் எங்க இருக்கு" என்பார். அப்படிச் சொல்லும்போது அவர் கண் பக்கத்து வகுப்பின் சுவரில் இருக்கும்.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பத்தாம் வகுப்பு 'பி' பிரிவு. அங்கே வேதியியல் நடத்துபவள் பட்டன் மிஸ். இந்தப் பக்கம் 'ஏ' பிரிவு, நடத்துபவர் படி மிஸ். இரண்டு பேரும் வாழ்க்கைப்பட்டது ஒரே வீட்டில், அண்ணனுக்கும் தம்பிக்கும். பெரியவர் கீழ்த்தளம், சின்னவள் மாடி. ஆக, பள்ளியில் ஒரு சுவர், வீட்டில் ஒரு கூரை என்று ஓரகத்திகள் இருவருக்கும் நடுவே எப்போதும் ஏதாவது ஒன்று கட்டப்பட்டிருந்தது. சத்தத்தைத் தடுக்கும் கனம்தான் இரண்டுக்கும் இல்லை.

படி மிஸ்ஸுக்கு அந்தப் பெயர் வந்தது அவர் எழுதிய புத்தகத்தால். 'வேதிச் சமன்பாடுகளைச் சமன் செய்யப் பன்னிரண்டு படிகள்.' முப்பத்திரண்டு பக்கம். ஒன்பது வருஷத்துக்கு முன் சொந்தமாக அச்சிட்டது. அட்டையில் அவர் சோதனைக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, யாரும் இதுவரை காணாத ஒன்றைக் காண்பவர் போல நின்றிருப்பார். குழாய்க்குள் இருந்தது பேனா மை. முதற்படி, நிமிர்ந்து உட்காரவும். இரண்டாம் படி, பேனா எழுதுகிறதா என்று பார்க்கவும். மூன்றாம் படி, சமன்பாட்டை இருமுறை வாசிக்கவும். வேதியியல் நான்காம் படியில்தான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரும்.

ஆனால் ஒன்பதாம் படி நல்ல படி. அதை மட்டும் கட்டம் கட்டிக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்: 'கீழே நிற்கும் சின்ன எண்ணைத் தொடாதே.'

விஷயம் இவ்வளவுதான். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்தால் தண்ணீர். H₂ + O₂ → H₂O என்று எழுதினால் இடப்பக்கம் ஆக்சிஜன் அணு இரண்டு, வலப்பக்கம் ஒன்று. மீதி ஒன்று எங்கே போயிற்று என்று கேட்டால் பதில் வேண்டும் அல்லவா. இரண்டு பங்கு ஹைட்ரஜன், இரண்டு பங்கு தண்ணீர் என்று முன்னால் எண் போட்டுச் சரிக்கட்ட வேண்டும். அதுதான் சமன் செய்வது. அவசரக்காரப் பிள்ளை என்ன செய்யும் என்றால், தண்ணீரின் காலடியில் இன்னொரு சின்ன 2-ஐச் சொருகிவிட்டு நிமிரும். கணக்கு சரியாகிவிடும். தண்ணீர்தான் தண்ணீராக இருக்காது. தலைமுடியை வெளுக்க வைக்கும் திரவமாகிவிடும். இந்தத் தப்பைச் செய்த பிள்ளைகளைப் படி மிஸ் வகுப்பு வாசலில் நிறுத்தி, ஒன்பதாம் படியை ஒன்பது முறை சொல்ல வைப்பார். காரிடாரில் போகிற தோட்டக்காரருக்கே அது மனப்பாடம்.

பட்டன் மிஸ் வந்தது போன வருஷம். கொண்டுவந்து விட்டதே படி மிஸ்தான். பெயிண்ட் ஃபேக்டரியின் பரிசோதனைக் கூடத்தில் நாலு வருஷம் வேலை பார்த்தவள், கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் இருந்தாள். "பாவம், சும்மா இருக்கா, எனக்குக் கீழ ஒரு கைக்கு உதவியா இருக்கட்டும்" என்று தலைமை ஆசிரியரிடம் சிபாரிசு செய்தார். அந்தக் 'கீழ' என்ற சொல்லைப் பிற்பாடு அவர் நினைத்து நினைத்து நொந்தார்.

முதல் வாரமே சின்னவள் ஒரு பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனாள். உள்ளே சட்டைப் பொத்தான்கள். அவள் அம்மா தையல்காரர். சிவப்புப் பொத்தான் ஆக்சிஜன், வெள்ளை ஹைட்ரஜன், கறுப்பு கார்பன். பிள்ளைகள் மேஜையின் இரண்டு பக்கமும் பொத்தான்களைப் பரப்பி, ஒரு பக்கம் இருப்பது மறுபக்கமும் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து அடுக்கினார்கள். ஒன்று குறைந்தால் மேஜைக்கடியில் தேடினார்கள். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு சுவரைத் தாண்டி 'ஏ' பிரிவுக்குள் வந்தது. அங்கே பிள்ளைகள் ஏழாம் படியில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"அது வேதியியல் வகுப்பு இல்ல, தையல் வகுப்பு" என்று படி மிஸ் ஆசிரியர் அறையில் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த நாள் கணக்கு ஆசிரியர் தன் சட்டையில் போன பொத்தானுக்குப் பதில் ஒன்று கேட்டு பட்டன் மிஸ்ஸிடம் போய் நின்றதும், அவள் அதே நிறத்தில் ஒன்றை எடுத்துக் கொடுத்ததும், அவர் அதை ஊரெல்லாம் காட்டியதும் வேறு கதை. படி மிஸ்ஸுக்கு அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த மாதம் அவர் அலுவலகத்துக்குப் போய் வாங்கிய சாக்பீஸ் ஒரு வருஷத்துக்குக் காணும். அலுவலகத்துக்குப் போகும் வழி 'பி' பிரிவின் ஜன்னலைத் தாண்டித்தான் போகிறது. ஜன்னல் பக்கம் அவர் நடை தானாகத் தளரும். உள்ளே கை தூக்கியிருக்கும் பிள்ளைகளை எண்ணுவார். பதினேழு. தன் வகுப்பில் சந்தேகம் கேட்டுக் கை தூக்குபவர்கள் எத்தனை என்று யோசிப்பார். ஒருவரும் இல்லை. சந்தேகமே வராத அளவுக்குத் தெளிவாக நடத்துகிறோம் என்று அதற்கு ஒரு சமாதானம் கண்டுபிடித்தார். சமாதானம் அலுவலகம் வரை தாங்கியது. திரும்பி வரும்போது மறுபடியும் அந்த ஜன்னல்.

இதில் முள் எங்கே என்றால், கை தூக்கிய பதினேழு பேரில் ஒருத்தி அவருடைய சொந்த மகள். ஆசிரியரின் பிள்ளை, தாயோ தந்தையோ நடத்தும் வகுப்பில் இருக்கக் கூடாது என்று பள்ளியில் ஒரு விதி. அதனால் மகள் 'பி'. விதி எழுதியவர் சித்தியை நினைத்துப் பார்க்கவில்லை.

ஒருநாள் சாயங்காலம் மகள் வீட்டுப்பாடத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறப் போனாள். கீழே ஒரு வேதியியல் ஆசிரியை, பதினாறு வருஷ அனுபவத்தோடு, நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"எங்க போற? இங்க கொண்டா, நான் சொல்லித் தரேன்."

"இல்லம்மா, சித்திகிட்டயே கேட்டுக்கறேன்."

"ஏன், எனக்குத் தெரியாதா?"

மகள் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத வயசு இல்லை, அவசரத்தில் மறந்துவிட்டாள். "உனக்குத் தெரியும்மா. சித்தி சொன்னா எனக்குத் தெரியுது."

அவள் மாடி ஏறிப் போன ஒவ்வொரு படியும் படி மிஸ்ஸின் நெஞ்சில் கேட்டது. பன்னிரண்டுக்கு மேல் இருந்தன.

இந்த நிலையில்தான் துறைத் தலைவர் நாற்காலி காலியானது. பழைய துறைத் தலைவர் கண் ஆபரேஷனுக்கு லீவு போட்டுப் போனவர், கண் நன்றாகத் தெரிந்ததும் ஓய்வு வாங்கிக்கொண்டார். அந்தப் பதவியில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆய்வகத்தின் சாவி, தனி அறை, அறையில் ஒரு ஜன்னல். படி மிஸ் அந்த ஜன்னலை ஐந்து வருஷமாக அறிவார். அளவெடுத்துத் திரைகூடத் தைத்து வைத்திருந்தார், இளம்பச்சையில். கதவில் தன் பெயருக்குக் கீழே 'துறைத் தலைவர்' என்று வந்தால் போதும், மாடியிலிருந்து யார் எவ்வளவு சிரித்தாலும் தாங்கிக்கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றியது.

தலைமை ஆசிரியர் புவியியல்காரர். மலையானாலும் மனிதரானாலும் சராசரி உயரத்தைக் கேட்பவர். "இரண்டு பேரும் என் இரண்டு கண்கள்" என்று தொடங்கி, ஒரு கண்ணை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்கு வழியையும் அவரே சொன்னார். இரண்டு பிரிவுக்கும் ஒரே தேர்வு. அனுபவத்தில் மூத்தவர் என்பதால் வினாத்தாளும் விடைக்குறிப்பும் படி மிஸ். 'ஏ' பிரிவு விடைத்தாளை பட்டன் மிஸ் திருத்த வேண்டும், 'பி' பிரிவு விடைத்தாளைப் படி மிஸ். எந்தப் பிரிவின் சராசரி கூடுதலோ அந்த ஆசிரியை துறைத் தலைவர். நீதி இவ்வளவு சுலபமாகக் கிடைத்ததில் அவருக்கே ஆச்சரியம்.

படி மிஸ் வினாத்தாளை ஒரே மூச்சில் எழுதினார். முதல் ஐந்து வினா யாரும் செய்யக்கூடியவை. ஆறாவதுதான் குறி. ஐம்பதில் இருபது மதிப்பெண் அதற்கு. தன் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் 'சவால்' என்று தலைப்பிட்டு, விடை கொடுக்காமல் விட்டிருந்த ஒரு பூதத்தை அப்படியே எடுத்துப் போட்டார். பொத்தான் டின்னைக் கவிழ்த்தாலும் அதற்குப் பொத்தான் போதாது என்று அவருக்குத் தெரியும்.

KMnO₄ + HCl → KCl + MnCl₂ + H₂O

வெள்ளிக்கிழமை வினாத்தாள் அச்சாகிக் கட்டுக் கட்டாக அலமாரிக்குள் போய்விட்டது. ஞாயிறு மதியம் விடைக்குறிப்பு எழுத உட்கார்ந்தபோதுதான் அவர் அந்தச் சவாலை வாழ்க்கையில் முதல்முறையாகச் செய்து பார்த்தார்.

பொட்டாசியம் வந்தது. மாங்கனீசு வந்தது. ஆக்சிஜன் நாலு, அதனால் தண்ணீர் நாலு, அதனால் ஹைட்ரஜன் எட்டு, அதனால் இடப்பக்கம் குளோரின் எட்டு. வலப்பக்கம் குளோரின் மூன்று. எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கினார். பதினாறும் ஆறும். மும்மடங்காக்கினார். இடைவெளிதான் வளர்ந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தார். பேனா எழுதுகிறதா என்று பார்த்தார். எழுதியது.

அவர் கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். காப்பித் தம்ளரோடு வந்தவர், மேஜை முழுக்கக் கசங்கிக் கிடந்த தாள்களைப் பார்த்து ஒன்றை விரித்தார்.

"இந்தப் பக்கம் வெயிட் ஜாஸ்தி, அந்தப் பக்கம் கம்மி. அந்தப் பக்கத்துல ஏதோ கழண்டு விழுந்திருக்கு போல."

"இது உங்க லிஃப்ட் இல்லங்க. இது வேதியியல்."

கணவர் தம்ளரை வைத்துவிட்டுப் போனார். மாடியில் மகளும் சித்தியும் எதற்கோ சிரித்தார்கள். படி மிஸ் கூரையைப் பார்த்தார். தலைமை ஆசிரியரிடம் போய், 'நான் கொடுத்த வினா எனக்கே வரவில்லை' என்று சொல்வதை ஒருகணம் கற்பனை செய்து பார்த்தார். அந்தக் கற்பனையில் பட்டன் மிஸ் பக்கத்தில் நின்று, அனுதாபத்தோடு, தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சாய்ந்த தலையைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

அப்போது ஒரு யோசனை வந்தது. MnCl₂. அந்தச் சின்ன 2. கையெழுத்தில் 2-ம் 7-ம் ஒரே மாதிரி இருக்கும். அச்சகத்துக்காரன் 7-ஐத்தான் 2 என்று கோர்த்திருக்க வேண்டும். 7 என்று வைத்துப் பார்த்தார். வலப்பக்கம் ஒன்றும் ஏழும் எட்டு. இடப்பக்கம் எட்டு. சமன்.

MnCl₇ என்று ஒரு பொருள் எந்த ஆய்வகத்து அலமாரியிலும் கிடையாது. அதைப் பார்த்தவர், பிடித்தவர் யாரும் இல்லை. இது அவருடைய மூளைக்கு நன்றாகத் தெரியும். ஆனால் மூளை அன்று மாடியில் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தது. கை விடைக்குறிப்பில் 7 என்று எழுதி, உறையில் போட்டு ஒட்டிவிட்டது.

ஒட்டியதும் அவருக்கே ஒரு துள்ளல். வினாத்தாளில் 2, விடையில் 7. தெரிந்தவர்களுக்குத்தானே வரும். செவ்வாயும் புதனும் 'ஏ' பிரிவில் 'மிக மிக முக்கிய வினா' என்று அதைப் போட்டு, வினாவில் 2 என்று வந்தால் 7 என்று எடுத்துக்கொண்டு எழுத வேண்டும் என்று மூன்று முறை சொல்லி எழுத வைத்தார். முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"மிஸ், ஒன்பதாம் படி?"

"இது விதிவிலக்கு. உட்காரு."

"விதிவிலக்கு எத்தனாவது படி மிஸ்?"

அந்தப் பெண் வாசலுக்குப் போனாள். அங்கே நின்று என்ன சொல்வது என்று அவளுக்கும் தெரியவில்லை, அனுப்பியவருக்கும் தெரியவில்லை.

தேர்வு வியாழக்கிழமை நடந்தது. சனிக்கிழமை காலை, கட்டுகள் மாறின. 'ஏ' மாடிக்கு ஏறியது, 'பி' கீழே இறங்கியது.

படி மிஸ் சிவப்புப் பேனாவைத் திறந்தபோது அவர் மனசு பஞ்சாக இருந்தது. முதல் ஐந்து வினாவில் பிள்ளைகள் நன்றாகவே செய்திருந்தார்கள். போகட்டும் என்று தாராளமாக மதிப்பெண் போட்டார். ஆறாவதில் சிலர் ஒன்றுமே எழுதவில்லை. பலர் அரைப் பக்கம் எழுதிவிட்டு, 'இதைச் சமன் செய்ய முடியாது' என்று முடித்திருந்தார்கள். சமன் செய்ய முடியாதாம். வாத்தியார் கொடுத்த கணக்கையே முடியாது என்று சொல்லும் தைரியத்தையும் டின்னில் போட்டுக் கொடுத்தாளா என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு பூஜ்யம் போட்டார். உருண்டையான, அழகான பூஜ்யங்கள். இளம்பச்சைத் திரை கண்முன் ஆடியது.

இருபத்து மூன்றாவது தாளில் பெயர் இல்லை, எண்தான். ஆனால் அந்தக் கையெழுத்தை அவர்தான் கையைப் பிடித்துப் பழக்கியிருந்தார். மகள் ஆறாவது வினாவுக்கு இப்படி எழுதியிருந்தாள்:

'இடப்பக்கம் குளோரின் எட்டு. வலப்பக்கம் மூன்று. ஐந்தைக் காணோம். MnCl₂-வின் 2-ஐ 7 ஆக்கினால் கணக்கு வந்துவிடும். ஆனால் ஒன்பதாம் படி அதை அனுமதிக்காது. எனவே வலப்பக்கம் குளோரின் வாயு விட்டுப்போயிருக்க வேண்டும். அதைச் சேர்த்தால்:

2KMnO₄ + 16HCl → 2KCl + 2MnCl₂ + 8H₂O + 5Cl₂.'

படி மிஸ் எண்ணினார். பொட்டாசியம் இரண்டும் இரண்டும். ஆக்சிஜன் எட்டும் எட்டும். குளோரின், இந்தப் பக்கம் பதினாறு. அந்தப் பக்கம் இரண்டும் நாலும் பத்தும் பதினாறு. பேனாவை மூடிவிட்டு எழுந்து, அலமாரியின் அடித்தட்டிலிருந்து தன் கல்லூரி நோட்டை எடுத்தார். அந்தச் சமன்பாடு அங்கே இருந்தது. வரியின் கடைசியில், நுணுக்கி எழுதிய '+ Cl₂'-வும் இருந்தது. பிறகு தன் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். அச்சகத்துக்காரர்கள் ஓரத்தை ஒழுங்காக வெட்டும்போது குளோரின் வாயுவையும் சேர்த்து வெட்டியிருந்தார்கள். ஒன்பது வருஷமாக அது அப்படித்தான் விற்றிருக்கிறது. ஒருவரும் வந்து கேட்கவில்லை. அட்டையில் இருந்தவர் மட்டும் சோதனைக் குழாயை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டாம் படி: சரிபார்க்கவும்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். பட்டன் மிஸ் கட்டை அணைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். உட்காரச் சொல்லாமலே எதிரில் உட்கார்ந்தாள்.

"அக்கா, திருத்தி முடிச்சுட்டேன்."

"அதுக்குள்ளயா?"

"ஆறாவதுக்கு நேரமே ஆகலக்கா. முப்பத்தெட்டு பேரும் ஒரே மாதிரி எழுதியிருக்காங்க. எல்லாரும் ஏழு."

படி மிஸ் இருபத்து மூன்றாவது தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"விடைக்குறிப்புலயும் ஏழுதான் இருந்துது. அதனால எல்லாருக்கும் இருபது போட்டுட்டேன்."

"உனக்குத் தெரியாதா?" படி மிஸ்ஸின் குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

"என்னக்கா?"

"அப்படி ஒண்ணு கிடையாதுன்னு."

"பெயிண்ட் ஃபேக்டரியில நாலு வருஷம் மாங்கனீசோடதானேக்கா குடித்தனம் பண்ணேன். தெரியாம இருக்குமா?"

"அப்புறம் எதுக்குப் போட்ட?"

பட்டன் மிஸ் கட்டின் விளிம்பைத் தட்டி நேராக்கினாள். தலை மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது. படி மிஸ் ஞாயிற்றுக்கிழமை கற்பனையில் பார்த்த அதே சாய்வு, அதே கோணம்.

"நீங்க மூத்தவங்க. அந்த ரூமுக்குத் திரையெல்லாம் தெச்சு வெச்சிருக்கீங்க. நீங்களே எடுத்துக்குங்கக்கா. எனக்குப் பரவால்ல. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

இதுவரை படி மிஸ் அவள் மேல் பொறாமைப்பட்டது பொத்தானுக்காக, சிரிப்புக்காக, பதினேழு கைகளுக்காக, மகளுக்காக. இப்போது பார்த்தால் அவள் பெருந்தன்மையையும் வைத்திருக்கிறாள். அதையும் டின்னைத் திறப்பது போல இவ்வளவு சுலபமாகத் திறந்து, உனக்கு ஒன்று எடுத்துக்கொள் என்று நீட்டுகிறாள். இந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தால், ஒவ்வொரு நாளும் அவளுடைய பெரிய மனசின் மேல் உட்கார வேண்டும். இளம்பச்சைத் திரையை இழுக்கும்போதெல்லாம் அதற்குப் பின்னால் அந்தத் தலை சாய்ந்திருக்கும். மாடியில் இருக்கிறவளுக்கு ரகசியம் வேறு கிடைத்துவிடும்.

பெரிய மனசு என்ன அவள் அம்மா வீட்டுச் சீதனமா?

"அந்தக் கட்டை இங்க கொடு" என்றார் படி மிஸ்.

"அக்கா?"

"கொடுன்னா கொடு."

முப்பத்தெட்டுத் தாள்களிலும் இருபதை அடித்துப் பூஜ்யம் போட்டார். தன் கையால், தன் வகுப்புக்கு. பிறகு 'பி' பிரிவுத் தாள்களில் போட்ட பூஜ்யங்களை அடித்து, திருத்தாத மீதித் தாள்களையும் எடுத்து, 'முடியாது' என்று சொன்னவர்களுக்குப் பதினைந்தும், குளோரினைக் கண்டுபிடித்தவர்களுக்கு இருபதும் போட்டார். எதுவும் எழுதாதவர்களின் பூஜ்யம் மட்டும் அப்படியே நின்றது. பட்டன் மிஸ் நடுவில் இரண்டு முறை "வேண்டாம்க்கா" என்றாள். அந்த 'வேண்டாம்க்கா' ஒவ்வொன்றுக்கும் படி மிஸ்ஸின் பேனா இன்னும் வேகமாக ஓடியது. கடைசித் தாளைக் கவிழ்த்து வைத்தபோது அவர் முகத்தில் ஒரு வெற்றி இருந்தது. போட்டியில் தோற்றவர் முகத்தில் அப்படி ஒன்றைப் பட்டன் மிஸ் பார்த்ததில்லை. அவள் தலை நேரானது.

திங்கட்கிழமை தலைமை ஆசிரியர் மேஜையில் விடைத்தாள்களோடு ஒரு கடிதமும் இருந்தது. பன்னிரண்டு பத்திகள், எண் போட்டு. வினா தவறு, விடைக்குறிப்பு தவறு, புத்தகம் தவறு, சின்ன எண்ணைத் தொட்டது தன் கை என்று ஒவ்வொன்றாக எழுதியிருந்தார். வினாவைத் தன் வகுப்புக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தது பதினொன்றாம் பத்தியில் இருந்தது. தலைமை ஆசிரியர் நான்காம் பத்தியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அதற்கு மேல் படிக்க அவருக்கு மனம் தாங்கவில்லை, அல்லது தேநீர் வந்துவிட்டது.

மறுநாள் காலை மைதானத்தில் பள்ளி முழுவதும் நின்றது. தலைமை ஆசிரியர் ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டு, தவற்றை ஒப்புக்கொள்ளும் நெஞ்சுரம் பற்றிப் பேசத் தொடங்கினார். உலகத்தின் மிக உயரமான சிகரங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவற்றையெல்லாம் விட உயரமான ஒன்று நம் பள்ளியில், 'ஏ' பிரிவில் இருக்கிறது என்றார். பதினைந்து நிமிஷம். கைதட்டல் மூன்று முறை வந்தது. 'பி' பிரிவு வரிசையில் மகள் கையைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டினாள். படி மிஸ் பார்க்காதது போலப் பார்த்தார். கடைசியில் தலைமை ஆசிரியர் ஏதோ நினைவு வந்தவராகச் சீட்டைப் புரட்டி, வேதியியல் துறைத் தலைவராக 'பி' பிரிவு ஆசிரியை நியமிக்கப்படுகிறார் என்று ஒரே வரியில் வாசித்தார். அதற்குள் மணி அடித்துவிட்டது. கைதட்ட நினைத்தவர்களும் வரிசையில் நடக்கத் தொடங்கியிருந்தார்கள்.

படி மிஸ் பக்கத்தில் நின்றவளைத் திரும்பிப் பார்த்தார். பட்டன் மிஸ்ஸின் கையில் ஆய்வகத்தின் சாவி இருந்தது. கண் சாவியில் இல்லை; சுற்றி வந்து படி மிஸ்ஸிடம் கை குலுக்கிக்கொண்டிருந்த கூட்டத்தில் இருந்தது. உதட்டில் ஒரு சிரிப்பு, ஓரங்களில் இழுத்துக் கட்டியது போல. அந்த முகத்தைப் படி மிஸ்ஸுக்கு நன்றாகத் தெரியும். ஒரு வருஷமாகத் தினமும் காலையில் கண்ணாடியில் பார்த்த முகம்.

அன்று மதியம் சாப்பாடு நன்றாக இறங்கியது.

அடுத்த சனிக்கிழமை அவர் விற்காத புத்தகங்களை மேஜையில் அடுக்கி, கடைசிப் பக்கத்தில் '+ Cl₂' என்று பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார். மகள் ஒவ்வொன்றாகத் திறந்து நீட்டினாள். இளம்பச்சைத் திரை சமையலறை ஜன்னலுக்கு மாறியிருந்தது. இரண்டு சாண் நீளம் அதிகம், அடுப்பங்கரையைத் துடைத்துக்கொண்டு தொங்கியது.

"விடையும் எழுதிடலாமாம்மா?"

"வேண்டாம். சவால்னு போட்டிருக்குல்ல."

மாடிப்படியில் செருப்புச் சத்தம். பட்டன் மிஸ் வந்து மேஜை ஓரம் நின்றாள். ஒரு புத்தகத்தை எடுத்து, கடைசிப் பக்கத்தை அல்ல, அட்டையைப் பார்த்தாள். சோதனைக் குழாயை அவர் பிடித்திருந்த விதத்தைக் கொஞ்சம் கூடுதல் நேரமே பார்த்தாள்.

"அக்கா, இதை எந்த அச்சகத்துல போட்டீங்க?"

"ஏன்?"

"சும்மாதான். பிள்ளைங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. நானும் ஒண்ணு எழுதலாம்னு."

"எத்தனை படி?"

பட்டன் மிஸ் அட்டையைத் திருப்பி வைத்தாள். "பதினொண்ணு."

படி மிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். பேனா எழுதுகிறதா என்று பார்த்தார். பிறகு ஒரு தாளை எடுத்து, அச்சகத்தின் முகவரியை, எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்ற விவரத்தோடு, தெளிவான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார்.

"நேரா போய் என் பேரைச் சொல்லு. அவங்க ஓரம் வெட்டற அழகு வேற எங்கயும் வராது."